மண்ணைப் படித்த கொல்லர் மகன்

(இரண்டாம் ஆண்டு, சிவில் பிரிவு மாணவன்)

என் அப்பா கிணறு வெட்டும் தொழிலாளி. செம்மண், சரளை, சுக்கான் பாறை என்று எதற்குக் கீழே எது வரும் என்பது அவருக்கு அத்துபடி. ஆனால் அட்மிஷன் ஃபாரத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் நான் விவசாயம் என்றுதான் எழுதினேன். கூச்சம்! அந்தக் கூச்சத்தைப் போக்கியவர் வில்லியம் ஸ்மித்.

1769-இல் இங்கிலாந்தில், ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் சர்ச்சில் கிராமத்தில் ஒரு கொல்லருக்கு மகனாகப் பிறந்தார். எட்டு வயதில் தகப்பனார் காலமானார். ஊர்ப் பள்ளிக்கூடத்தோடு படிப்பு சரி. அந்த ஊர் வயல்களில் உருண்டையான ஒரு கல் கிடைக்கும். பால்பண்ணைப் பெண்கள் அதை வெண்ணெய் நிறுக்கும் எடைக்கல்லாக வைத்திருந்தார்கள். உண்மையில் அது கல்லாகிப்போன ஒரு கடல் உயிரியின் ஓடு! கடல் இல்லாத ஊரில் அது எப்படி வந்தது? சிறுவன் ஸ்மித்தின் மனசில் அந்த ஓடுகள் அப்போதே இடம் பிடித்துவிட்டன.

18 வயதில், அதாவது இன்றைய என் வயதில், எட்வர்டு வெப் என்ற சர்வேயரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். 1791-இல் சாமர்செட் பகுதிக்குப் போய், நிலக்கரிச் சுரங்கங்களுக்குள் இறங்கிப் பார்த்தார். பாறை அடுக்குகளின் வரிசை அங்கே வேலை செய்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அது தங்கள் குழியோடு முடிந்துவிடும் என்று நினைத்தார்கள். ஸ்மித்தோ, ஊர் ஊராக அதே வரிசைதான் வருகிறது என்று கண்டார். பிறகு கால்வாய் வெட்டும் வேலை கிடைத்தது. வெட்டிய இடமெல்லாம் அவருக்குப் பாடப்புத்தகம்!

அதில் ஒரு சிக்கல். இரண்டு அடுக்குகளின் களிமண் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். எப்படிப் பிரிப்பது? உள்ளே புதைந்திருக்கும் ஓடுகளை வைத்துத்தான். ஒவ்வோர் அடுக்குக்கும் அதற்கே உரிய ஓடுகள் உண்டு என்பதே அவர் கண்டுபிடிப்பு.

இதனால் என்ன பயன்? கறுப்புக் களிமண்ணைக் கண்டாலே கீழே நிலக்கரி என்று நம்பிப் பணத்தைக் கொட்டித் தோண்டியவர்கள் உண்டு. ஓடுகளைப் பார்த்தாலே, அது நிலக்கரிக்கு எவ்வளவோ மேலே உள்ள அடுக்கு, தோண்டுவது வீண் என்று ஸ்மித் சொல்லிவிடுவார்.

இன்று இதே வேலையை நுண்ணுயிர்களின் புதைபடிவங்கள் செய்கின்றன. ஆழத்தில் துளை போடும்போது பெரிய சிப்பிகள் நொறுங்கிவிடும். மணல் பருமனே உள்ள போராமினிஃபெரா ஓடுகளோ துகள்களோடு முழுசாக மேலே வரும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் துளை எந்த அடுக்கில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். 1920-களிலேயே எண்ணெய்க் கம்பெனிகள் இந்த முறையைக் கையாண்டன. வேர் ஸ்மித்துடையதுதான்.

1799-இல் கால்வாய் வேலை போனது. அவர் விடவில்லை. நாடு முழுக்க அலைந்து, 1815-இல் இங்கிலாந்து, வேல்ஸின் நிலவியல் வரைபடத்தை வெளியிட்டார். எட்டடிக்கு மேல் உயரம், கையால் தீட்டிய வண்ணம்! ஆனால் 1807-இல் தொடங்கிய நிலவியல் கழகம் இந்தக் கொல்லர் மகனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1819-இல் கடனுக்காக லண்டன் சிறையில் கிடந்தார். அடுத்த ஆண்டே அந்தக் கழகம், அவர் உழைப்பையும் பயன்படுத்திக்கொண்டு, சொந்த வரைபடம் ஒன்றை வெளியிட்டது. எவ்வளவு பெரிய அநியாயம்!

காலம் மாறியது. 1831-இல் அதே கழகம் தன் முதல் உல்லாஸ்டன் பதக்கத்தை அவருக்கு அளித்தது. 1839-இல் மறைந்தார். 1865-இல் வந்த பதிப்பில்தான் கழகத்தின் வரைபடத்திலேயே அவர் பெயர் ஏறியது.

நண்பர்களே, கைக்குத் தெரிந்ததைக் காகிதத்தில் ஏற்றினார் ஸ்மித். அதனால் அது நிலைத்தது. என் அப்பாவுக்குத் தெரிந்ததை யாரும் எழுதி வைக்கவில்லை. இந்த லீவுக்கு ஊருக்குப் போனதும் ஒரு நோட்டோடு அவர் பக்கத்தில் உட்காரப் போகிறேன். அடுத்த ஃபாரத்தில் தந்தையின் தொழில் கிணறு வெட்டுதல் என்று தெளிவாக எழுதுவேன்.