சொல் திருத்திய சான்றோர்

சோழவள நாட்டில், குடந்தைக்கு அருகே வலங்கைமான் என்னும் ஊர் உளது. அவ்வூரில் வறிய அந்தணர் குடும்பம் ஒன்றில், 1869-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் பிறந்தவர் சீனிவாச சாஸ்திரியார். குடந்தைக் கல்லூரியில் பட்டம் பெற்று, ஆசிரியத் தொழிலை மேற்கொண்ட அவர், பின்னர்ச் சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக விளங்கினார்.

தமிழ் மாணவர்க்கு ஆங்கிலம் கற்பித்தல் எளிதன்று. நீ எங்கே போகிறாய் என்று தமிழில் வினவுகிறோம். வினாவுக்கெனச் சொற்கள் இடம் மாறுவதில்லை. ஆங்கிலத்திலோ துணைவினை எழுவாய்க்கு முன் வருதல் வேண்டும். ஆதலின் ‘வேர் யூ ஆர் கோயிங்’ என்பது பிழை. ‘வேர் ஆர் யூ கோயிங்’ என்பதே முறை. ஒன்றைப் பற்றி விவாதித்தோம் என்னும் தமிழ் வழக்கை ஒட்டி, ‘டிஸ்கஸ்’ என்பதனோடு ‘அபவுட்’ என்னும் சொல்லைச் சேர்ப்பதும் பிழையே. சாஸ்திரியார் இலக்கணத்திலும் உச்சரிப்பிலும் சிறு வழுவும் நேராது காத்தவர். அவரது ஆங்கிலப் பேச்சின் இனிமை கருதி, அவரை வெள்ளி நாவினர் என்று உலகோர் போற்றினர்.

1907-ஆம் ஆண்டில் கோகலே நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்தில் அவர் சேர்ந்தார். 1927 முதல் 1929 வரை தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் பிரதிநிதியாகப் பணியாற்றினார். நிறவேற்றுமை கொடிதாய் நிலவிய அந்நாட்டில், அவர் சொல் தவறியிருந்தால் இந்தியரை இகழ்வார்க்கு அது வாய்ப்பாகியிருக்கும். அவரது முயற்சியால் தர்பன் நகரில் எழுந்த கல்விநிலையம் அவர் பெயரையே தாங்கியது.

கோகலேயிடம் பேரன்பு பூண்டிருந்த மற்றொருவர் காந்தியடிகள். எனினும், 1920-ஆம் ஆண்டில் தொடங்கிய ஒத்துழையாமை இயக்கத்தைச் சாஸ்திரியார் ஏற்கவில்லை. கருத்து வேறுபட்டும் நட்பு வேறுபடவில்லை. அடிகள் குஜராத்தியில் எழுதிய தன்வரலாற்றை மகாதேவ தேசாய் ஆங்கிலத்தில் பெயர்த்தார். அம்மொழிபெயர்ப்பைக் கூர்ந்து படித்துத் திருத்தியவர் சாஸ்திரியாரே. தம் பெயரை வெளியிடலாகாது என்பது அவர் விதித்த நிபந்தனை. ஆகவே 1940-இல் வந்த இரண்டாம் பதிப்பு, மதிப்பிற்குரிய நண்பர் ஒருவர் திருத்தினார் என்று மட்டுமே குறித்தது. அந்நண்பர் இன்னார் என்பதைப் பின்னரே உலகம் அறிந்தது.

பிறர் சொல்லில் குற்றம் கண்டு நகைப்பவர் பலர். அக்குற்றத்தைக் களைந்து, களைந்தவர் தாமே என்பதையும் மறைப்பவர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவராகிய சாஸ்திரியார், 1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கினார். 1946-ஆம் ஆண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் மறைந்தார். அதற்குச் சில திங்கள் முன்னர், சென்னை மருத்துவமனையில் நோயுற்றிருந்த அவரைக் காந்தியடிகள் நேரில் சென்று கண்டார்.

மாணவர்களே! எம்மொழியாயினும் பிழையறக் கற்பீர். பிறர் பிழையைத் திருத்த நேர்ந்தால், அவர் மனம் நோவாது திருத்துவீர்.