கழற்றிப் பூட்டியவர்: ஜி. டி. நாயுடு

கோயம்புத்தூருக்கு அருகே கலங்கல் என்னும் சிற்றூரில் 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. ஆசிரியர் முகத்தில் மண்ணை வாரி இறைத்துவிட்டு ஓடினார் என்றுகூடச் சொல்வார்கள். பள்ளி மலரில் இதை எழுதலாமா என்று தலைமைச் சகோதரி புருவம் நெரிக்கக்கூடும்! ஆனாலும் நடந்ததைச் சொல்லத்தானே வரலாறு? தொடக்கப் பள்ளியோடு அவருடைய படிப்பு நின்றுவிட்டது. பின்னாளில் தாமாகவே தமிழ் நூல்களைத் தேடித் தேடிப் படித்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

ஒருநாள் ஆங்கிலேய வருவாய் அதிகாரி ஒருவர் அவ்வூர்ப் பக்கம் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை, வண்டி மட்டும் ஓடுகிறது! வழியில் அது நின்றுவிட, அதிகாரி மண்ணெண்ணெயும் பழந்துணியும் கேட்டு வாங்கிப் பாகங்களைத் துடைத்து மீண்டும் ஓட்டிச் சென்றார் என்றும், இளைஞர் துரைசாமி பக்கத்தில் நின்று அதைக் கண் கொட்டாமல் பார்த்தார் என்றும் அவர் வரலாற்றைக் கூறுவோர் சொல்வர். அன்று முதல் அந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிள் மீதே அவர் நினைவெல்லாம் இருந்தது. கோவைக்குப் போய் உணவு விடுதி ஒன்றில் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்தார். காசு காசாகச் சேர்த்து, கடைசியில் அந்த வண்டியையே விலைக்கு வாங்கிவிட்டார்.

வாங்கியதும் ஊரெல்லாம் சுற்றி வந்திருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? அவர் வண்டியை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் போட்டார்! பிறகு ஒவ்வொன்றாகப் பூட்டினார். கற்றுத்தர ஆளில்லை, புத்தகமும் இல்லை. கழற்றியும் பூட்டியும்தான் இயந்திரத்தின் உள்ளத்தை அறிந்துகொண்டார்.

கழற்றுவது எளிது. பூட்டும்போதுதான் மிஞ்சிய ஒரு திருகாணி நம்மைப் பார்த்துச் சிரிக்கும். ஆகவே பட்டறைக்காரர்கள் கழற்றிய வரிசையிலேயே பாகங்களை ஒரு பழந்துணியில் இடமிருந்து வலமாகப் பரப்பி வைப்பார்கள். வலமிருந்து இடமாக எடுத்துப் பூட்டினால் போதும். போல்ட்டை எடுத்தவுடன் அதன் நட்டை அதிலேயே திருகி வைத்துவிட்டால் ஒன்றோடொன்று கலந்து போகாது. வீட்டில் பழைய இட்லித் தட்டு இருந்தால் அம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு குழிக்கு ஒரு பாகத்தின் திருகாணிகள் என்று போட்டுவைக்க அதைவிடச் சிறந்த பாத்திரம் கிடையாது. (திரும்ப அடுக்களைக்குக் கொண்டுபோக மட்டும் வேண்டாம்.)

நாயுடுவின் வாழ்க்கை உடனே ஏறுமுகமாகிவிடவில்லை. திருப்பூரில் பஞ்சு அரைக்கும் தொழிலில் பொருள் ஈட்டினார். அதை எடுத்துக்கொண்டு பம்பாய்க்குப் போய்ப் பருத்தி வாணிபத்தில் இறங்கி, எல்லாவற்றையும் இழந்தார். வெறுங்கையோடு ஊர் திரும்பினார். அப்போது அவருடைய கைத்திறனை மதித்தவர் கோவையில் ஆலைகள் நடத்திவந்த ராபர்ட் ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலேயர். அவர் கொடுத்த கடனுதவியோடு நாயுடு 1920ஆம் ஆண்டில் ஒரு பேருந்து வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதைத் தாமே ஓட்டினார்.

அந்நாளைய சாலையை எண்ணிப் பாருங்கள். இன்று பெரம்பலூர் வழியாகச் செல்லும் திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் எங்கே வண்டி நின்றாலும் அருகிலேயே ஒரு பட்டறை இருக்கும். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக் கல்லும் சிமெண்டும் ஏற்றிச் செல்லும் லாரிகளுக்காகவே எத்தனை டயர்க் கடைகள்! அன்று பழனிச் சாலையில் வண்டி நின்றால் ஓட்டுநரே கொல்லர், ஓட்டுநரே மருத்துவர். திருப்புளியின் முனையை இஞ்சின் மீது வைத்து, கைப்பிடியைக் காதருகே வைத்துக் கேட்டால், எந்தப் பாகத்தில் தட்டும் ஓசை எழுகிறது என்று தெரிந்துவிடும். மருத்துவர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்ப்பது போலத்தான். (இதைச் செய்யும்போது பின்னலும் தாவணியும் விசிறிப் பட்டையின் பக்கம் போகாமல் முடிந்து கட்டிக்கொள்ள வேண்டும். இதில் விளையாட்டே கூடாது.) துருப்பிடித்து அசையாத நட்டுக்கு இரவில் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, காலையில் சுத்தியால் மெல்லத் தட்டி, முதலில் இம்மியளவு இறுக்கிவிட்டுப் பிறகு தளர்த்தினால் பெரும்பாலும் கழன்று வரும். கைவிரல் நுழையாத குழிக்குள் ஸ்பார்க் பிளக்கை வைக்க, அதன் தலையில் ஒரு துண்டு ரப்பர்க் குழாயைச் செருகித் திருகுவார்கள். மரை தப்பி ஏறினால் ரப்பர் வழுக்கி எச்சரித்துவிடும். ஸ்பேனரோ எச்சரிக்காது, மரையையே தின்றுவிடும்.

இது ஆண்பிள்ளைகள் வேலை என்று யாராவது சொன்னால் ஜெர்மனி நாட்டு பெர்த்தா பென்ஸ் அம்மையாரைக் காட்டுங்கள். கணவர் கார்ல் பென்ஸ் செய்த மோட்டார் வண்டியை வாங்க ஆளில்லாதிருந்த 1888ஆம் ஆண்டு ஆகஸ்டில், கணவருக்குத் தெரிவிக்காமல், தம் மகன்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து பிஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிச் சென்றார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் செருகும் ஊசியால் குத்திச் சரிசெய்தார். மின்கம்பியின் உறை தேய்ந்தது. காலுறைப் பட்டியைச் சுற்றினார். தடைக்கட்டை தேய்ந்தது, வழியில் செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்து அடிக்கச் செய்தார். எரிபொருள் தீர்ந்தபோது மருந்துக்கடையில் வாங்கி ஊற்றினார். உலகின் முதல் நெடுந்தூரக் கார்ப் பயணம் அதுதான்.

பொள்ளாச்சி வண்டி ஒன்று பலவாயிற்று. நாயுடுவின் யு.எம்.எஸ். நேரந்தவறாமைக்குப் பெயர்பெற்றது. 1937இல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து பீளமேட்டில் இந்தியாவின் முதல் மின்மோட்டாரை உருவாக்கினார். உலர் மின்கலத்தால் இயங்கும் சவரக் கருவி, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, முறைகேடு செய்ய இயலாத வாக்குப்பதிவு இயந்திரம் என்று அவர் கை வைத்தவை பல.

1945இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரால் அமைந்த தொழில்நுட்பக் கல்லூரிக்கு அவரே முதல்வரானார். பள்ளியை விட்டு ஓடியவர் கல்லூரி முதல்வர்! நான்கு ஆண்டுப் படிப்பை இரண்டே ஆண்டில் கற்பித்துவிடலாம் என்று வாதிட்டார். அரசு ஏற்கவில்லை, பதவியை உதறினார். அவர் வேகம் எல்லோருக்கும் வராது என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லையோ என்று நமக்குத் தோன்றுகிறது. ஆனால் கையால் செய்து கற்பது நெஞ்சில் விரைந்து பதியும் என்பதை யார் மறுக்க முடியும்?

1952இல் இரண்டு பேர் அமரும் சிறு காரை இரண்டாயிரம் ரூபாய் அடக்கத்தில் உருவாக்கிக் காட்டினார். அதைத் தொழிற்சாலையில் செய்து விற்க அரசு உரிமம் தரவில்லை. வரிச்சுமையும் அவரை வாட்டியது. மனம் வெதும்பி, தாம் உருவாக்கிய பொருள்களைப் பொதுமக்கள் முன்னிலையில் உடைத்து நொறுக்கினார். பூட்டுவதற்காகவே கழற்றிப் பழகிய கை, பூட்ட முடியாதபடி உடைத்தது. அவர் சினத்தில் நியாயம் இருந்தது. ஆயினும் அந்தக் கருவிகள் ஏழைப் பிள்ளைகள் கழற்றிப் படிக்கவாவது போயிருக்கலாமே என்று நம் மனம் கேட்கிறது.

வீட்டில் கார் வைத்திருக்கும் பெற்றோருக்கும் இரண்டொரு சொல். சக்கரத்தைக் கழற்றுவதாயின், வண்டி தரையில் நிற்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்திவிட்டு, எதிர்ச் சக்கரத்துக்குக் கல் கொடுத்து, அதன் பிறகே ஜாக்கியை ஏற்றுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் ஒருபோதும் படுக்காதீர்கள். பூட்டும்போது ஒரு நட்டுக்கு அடுத்து அதன் எதிர்நட்டு என்று மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். பேட்டரி முனையில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடிக்குச் சமையல் சோடா கரைத்த வெந்நீரே போதும். ஆனால் முதலில் கழற்றுவது எதிர்முனைக் கம்பியாகவும் கடைசியில் பூட்டுவதும் அதுவாகவும் இருக்கட்டும். இஞ்சினுக்குள் விழுந்த திருகாணியை நூலில் கட்டிய காந்தம் எடுத்துக் கொடுக்கும்.

1974 ஜனவரி 4ஆம் நாள் நாயுடு மறைந்தார். அவர் சேர்த்த கருவிகள் கோவை அவிநாசி சாலையில் காட்சியாக உள்ளன. 2015இல் கார்களுக்கென்றே தனிக் காட்சியகமும் அங்கே திறக்கப்பட்டது. அதே சாலையில் 2025 அக்டோபரில் திறந்த பத்துக் கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு அவர் பெயரையே இட்டிருக்கிறார்கள்.