கார்க்கி படித்த கல்லூரி
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

வால்கா நதி பாயும் ருஷ்ய நாட்டில் நீஷ்னி நோவ்கொரோத் என்றொரு நகரம். அங்கே 1868 ஆம் ஆண்டு மார்ச் 28 ஆம் நாள் அலெக்சேய் பெஷ்கோவ் பிறந்தான். மூன்று வயதில் தந்தையைக் காலரா கொண்டுபோயிற்று. சாயப்பட்டறை வைத்திருந்த பாட்டனாரின் வீட்டில் அடியும் உதையும் கிடைத்தன. ஆனால், பாட்டி சொன்ன கதைகளும் அங்கேதான் கிடைத்தன. அவையே அவனுக்கு அரிச்சுவடி. பதினோரு வயதில் தாயையும் இழந்தான். பிழைத்துக்கொள்ளும்படி பாட்டனார் அவனை வெளியே அனுப்பிவிட்டார்.

செருப்புக்கடையில் எடுபிடியானான். வால்காவில் ஓடிய நீராவிக் கப்பலில் எச்சில் தட்டுக் கழுவினான். அக்கப்பலின் சமையற்காரர் ஸ்மூரி பெட்டி நிறையப் புத்தகம் வைத்திருந்தார். சிறுவனைப் படிக்கச் சொல்லிக் கேட்பார். படிப்புப் பசி அங்கே பற்றிக்கொண்டது.

1884 இல், பதினாறு வயதில், பல்கலைக்கழகத்தில் சேரும் ஆசையோடு கசான் நகரம் போனான். கையில் காசில்லை, பள்ளிப் படிப்பும் முடிக்கவில்லை. கதவு திறக்குமா? ரொட்டிக்கடையில் மாவு பிசைந்தான். அந்தோ, படிக்க வந்தவன் படிப்பவர்களுக்கு ரொட்டி சுமந்தான்! மனமுடைந்து 1887 இல் உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்று பிழைத்தான்.

பிறகு ருஷ்யாவின் தென்பகுதி முழுவதும் கால்நடையாகவே சுற்றினார். வழியில் கண்டவற்றை அவர் சொல்லக் கேட்ட நண்பர் ஒருவர் எழுதும்படி தூண்டினார். 1892 இல் திபிலிசி நகரப் பத்திரிகையொன்றில் முதல் கதை வெளிவந்தது. தந்தையின் பெயரான மாக்சிமோடு, கசப்பு என்று பொருள்படும் கார்க்கி என்பதைச் சேர்த்துப் புனைபெயராக்கிக்கொண்டார். பின்னர்ப் பத்திரிகைகளுக்கு எழுதியே வயிறு வளர்த்தார். 1898 இல் கதைகள் இரு தொகுதிகளாக வந்தன. நாடே அவரைத் திரும்பிப் பார்த்தது. 1906 இல் எழுதிய 'தாய்' நாவல் உலகெங்கும் பரவியது.

இத்தனைக்கும் பிறகே தம் கதையைச் சொல்லத் தொடங்கினார். நாற்பத்தைந்து வயதில், 1913 இல், இளமை நினைவுகளின் முதல் பகுதி வெளிவரலாயிற்று. மூன்றாம் பகுதி வெளிவந்த ஆண்டு 1923. அதற்கு அவர் வைத்த பெயர் 'என் பல்கலைக்கழகங்கள்'! ரொட்டிக்கடையும் தெருவும் உழைக்கும் மக்களுமே அவர் பயின்ற இடங்கள். அந்நூல்களில் தம் பெருமையை அவர் பாடவில்லை; பாட்டியையும் சமையற்காரரையும் வாழவைத்தார். 1936 ஜூன் 18 இல் மறைந்தார். கசானில் அவர் வேலை செய்த ரொட்டிக்கடைக் கட்டடம் பின்னாளில் அவருடைய நினைவகமாயிற்று.

என் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் சேர்க்கை விண்ணப்பத்தில் அப்பா பெருவிரல் ரேகைதான் வைத்தார். கார்க்கிக்கு அடைத்த கதவு எனக்குத் திறந்திருக்கிறது. ஆனால், அப்பா படித்த வயற்காட்டுப் பள்ளியின் பாடத்தை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. நண்பர்களே, இந்த விடுமுறையில் அவரருகே அமர்ந்து கேட்கப் போகிறேன். நீங்களும் கேளுங்கள்!