சிறைக்கு அஞ்சாத மும்பை மருத்துவர் ருக்மாபாய்: நீதிமன்றக் கூண்டிலிருந்து தலைமை மருத்துவர் பதவி வரை

மும்பை: இந்தியாவில் மருத்துவத் தொழில் புரிந்த முதல் பெண் மருத்துவர்களில் ஒருவரான ருக்மாபாய், 1864-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் தேதி அன்றைய பம்பாயில் பிறந்தார். இளம் வயதிலேயே தந்தையை இழந்த அவருக்கு 11-ஆவது வயதில் தாதாஜி பிகாஜி என்பவருடன் திருமணம் செய்து வைக்கப்பட்டது. ஆயினும் அவர் கணவர் வீட்டுக்குச் செல்லவில்லை. தாயின் இரண்டாவது கணவரும் மருத்துவருமான சகாராம் அர்ஜுனின் இல்லத்தில் வளர்ந்து, அங்கேயே நூல்களைக் கற்றார்.

மனைவியைத் தம்முடன் வாழ அனுப்ப வேண்டும் எனக் கோரி, 1884-இல் தாதாஜி பம்பாய் உயர் நீதிமன்றத்தை நாடினார். அறியாப் பருவத்தில் நடந்த திருமணத்தைக் காட்டி ஒரு பெண்ணைக் கட்டாயப்படுத்த இயலாது என்று 1885-இல் நீதிபதி பின்ஹே வழக்கைத் தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டுக்குப் பின் வழக்கு மீண்டும் விசாரிக்கப்பட்டது. 1887 மார்ச்சில் நீதிபதி ஃபாரன், கணவருடன் வாழ வேண்டும் அல்லது 6 மாதம் சிறை செல்ல வேண்டும் என உத்தரவிட்டார். 22 வயதான ருக்மாபாய், சிறையையே ஏற்பதாக அறிவித்தார்.

இவ்வழக்கு நாட்டையே இரண்டாகப் பிரித்தது. பாலகங்காதர திலகர் அவரைக் கடுமையாக எதிர்த்தார். சமூகச் சீர்திருத்தவாதி மலபாரி துணை நின்றார். இறுதியில் 1888-இல் 2,000 ரூபாய் பெற்றுக்கொண்டு தாதாஜி உரிமையைக் கைவிட்டார். பெண்ணின் சம்மத வயதை 10-இலிருந்து 12-ஆக உயர்த்திய 1891-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு இவ்வழக்கு எழுப்பிய விவாதமும் ஒரு காரணமாயிற்று.

பம்பாய் காமா மருத்துவமனையின் மருத்துவர் எடித் பீச்சி, ருக்மாபாயை மருத்துவம் பயில ஊக்குவித்தார். பீச்சியும், 1869-இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, பெண்கள் என்பதாலேயே பட்டம் மறுக்கப்பட்ட எழுவரில் ஒருவர். நன்கொடையாளர்களின் உதவியுடன் 1889-இல் லண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளியில் சேர்ந்த ருக்மாபாய், 1894-இல் தகுதி பெற்றார்.

மறு ஆண்டு தாயகம் திரும்பி, சூரத்தில் பெண்கள் மருத்துவமனையின் பொறுப்பை ஏற்றார். ஆண் மருத்துவரிடம் செல்லத் தயங்கிய பெண்களுக்கு அவரது வரவு பெரும் துணையாயிற்று. எனினும், அரசின் உயர்நிலை மருத்துவப் பணியான இந்திய மருத்துவப் பணியின் கதவு அக்காலத்தில் பெண்களுக்கு மூடியே இருந்தது. 1914-இல் அவர்களுக்கென அமைக்கப்பட்ட மகளிர் மருத்துவப் பணியோ தகுதியிலும் ஊதியத்திலும் அதற்கு நிகராக இல்லை. அதில் சேர 1918-இல் வந்த அழைப்பை மறுத்த ருக்மாபாய், ராஜ்கோட் சமஸ்தானத்துப் பெண்கள் மருத்துவமனையில் பணியேற்று அதன் தலைமை மருத்துவரானார். சுமார் 35 ஆண்டுப் பணிக்குப் பின் பம்பாய் திரும்பியவர், பெண்களை வீட்டுக்குள் முடக்கும் பர்தா முறைக்கு எதிராகவும் எழுதினார். 1955 செப்டம்பர் 25-ஆம் தேதி, தமது 90-ஆவது வயதில் காலமானார்.

சென்னை மருத்துவக் கல்லூரி 1875-இலேயே பெண்களைச் சேர்த்தது. 1912-இல் முத்துலட்சுமி ரெட்டி அங்கே பட்டம் பெற்றார். பெண்கள் மருத்துவமனைகளே இத்தலைமுறைக்கு முதல் வாசலைத் திறந்தன; அவர்களில் பலருக்கு அவையே எல்லையாகவும் அமைந்தன. கல்லூரியில் இடம் கிடைப்பது வேறு, பதவியிலும் ஊதியத்திலும் சமநிலை கிடைப்பது வேறு என்பதை ருக்மாபாயின் வாழ்க்கை இன்றும் நினைவூட்டுகிறது.