புதுவை வாழ்ந்த தொல்பொருட் புலவர்

பல்லவர் குடைந்த குகைகளும் எடுத்த கற்றளிகளும் பன்னூறு ஆண்டுகள் நம் முன்னோர் கண்முன் நின்றன. எனினும், இஃது இன்ன காலத்தது, இஃது இன்ன அரசன் செய்தது என முறைப்பட உரைப்பார் நெடுங்காலம் இலராயினர். அக்குறையைப் பெரிதும் நீக்கிய அறிஞருள் ஒருவர், புதுவையில் வாழ்ந்த காப்ரியேல் ழுவோ துப்ரேய் என்னும் பிரெஞ்சுக்காரர்.

இவர் 1885-ஆம் ஆண்டு சைகோன் நகரிற் பிறந்தார். புதுவைக் கல்லூரியில் ஆசிரியராய் அமர்ந்தார். ஊர்தோறும் சென்று கோயில்களைக் கண்டார். கற்றச்சரிடம் கட்டட உறுப்புக்களின் பெயர்களைக் கேட்டறிந்தார். தூணின்மேல் அமையும் போதிகையும், கூரை விளிம்பை அணிசெய்யும் கூடும் காலந்தோறும் வடிவம் மாறி வந்தமையைக் கண்டு, கல்வெட்டில்லாத கோயிலின் காலத்தையும் அவ்வடிவமே காட்டும் என நிறுவினார். இவ்வாராய்ச்சி 1914-இல் பிரெஞ்சு மொழியில் இரு பகுதிகளாக வெளிவந்தது. பல்லவர் பணிகளை மகேந்திரன், மாமல்லன், இராசசிம்மன் முதலிய அரசர் பெயரால் வகுத்துக் காட்டியவரும் இவரே. 1931-இல் காஞ்சிக் கயிலாசநாதர் கோயிற் சுவர்களில் மறைந்துகிடந்த பழைய ஓவியங்களையும் கண்டறிந்தார்.

புதுவைக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு உளது. அங்குக் கிடைத்த மணிகளையும் ஓட்டுச் சில்லுகளையும் ஆராய்ந்து, உரோமரோடு வாணிகம் செய்த பழம்பதி அது என 1937-ஐ ஒட்டி இவர் உணர்ந்தார். 1945-இல் வீலர் துரை அங்கு அகழ்ந்து, உரோமர் மதுச்சாடிகளின் உடைசல்களை வெளிப்படுத்தி அதனை உறுதி செய்தார். அவ்வாண்டிலேயே துப்ரேய் மறைந்தார்.

இவர் புகழுக்கு மறுவும் ஒன்றுண்டு. காஞ்சிப் பகுதியிற் கிடைத்த, பத்தாம் நூற்றாண்டினவாகக் கருதப்படும் யோகினிச் சிலைகளை, 1926-இல் பாரிசிலிருந்த கலைப்பொருள் வணிகர் ஒருவருக்கு இவர் அனுப்பினார். ஒரு கோயிலில் உடனுறைந்த அத்தெய்வ வடிவங்கள் இன்று இலண்டன், பாரிசு, வாசிங்டன், தொரான்றோ முதலிய நகரங்களின் காட்சிச்சாலைகளிற் பிரிந்து கிடக்கின்றன. கண்ணாடிப் பேழைக்குள் அவை சிதையாமற் காக்கப்படுகின்றன என்பது மெய்யே. ஆயின், அவை இருந்த கோயில் எது, எம்முறையில் அமர்ந்திருந்தன என்பனவற்றை இனி முற்றும் அறிதல் அரிது. கல்லை அதன் காலத்தோடும் இடத்தோடும் சேர்த்துக் கற்கப் பயிற்றிய ஆசிரியரே, அக்கல்லை இடம்பெயர்த்தமை இரங்கத்தக்கது.

ஆயினும், அவர் கற்பித்த கல்வியைக் கொண்டே அவர் செயலையும் நாம் அளக்கின்றோம். நம் ஊர்ப் பாழ்மண்டபத்தில் சாய்ந்து கிடக்கும் சிலையை அயலார் மதித்து விலை கூறுமுன், நாம் அதன் அருமையறிந்து, இருந்த இடத்திலேயே பேணுதல் வேண்டும். அதுவே அப்பெரியார் வாழ்க்கை நமக்குத் தரும் பாடமாகும்.