வேலை பறிபோன பேராசிரியர்

கேரளத்தின் முதல் கல்வி மந்திரி ஜோசப் முண்டசேரியின் பெயரை நம் தோழர்களில் பலர் கேட்டிருப்பார்கள். 1959-இல் ஒரு மந்திரிசபையே கலைக்கப்படுவதற்குக் காரணமாக இருந்த கல்வி மசோதா என்று சொன்னால் உடனே நினைவுக்கு வந்துவிடும். ஆனால் அந்த மசோதாவுக்குள் என்ன இருந்தது, அதைக் கொண்டுவந்தவர் யார் என்று விசாரித்தவர்கள் எத்தனை பேர்? நாம் இன்று விசாரிப்போம்.

திருச்சூருக்கு அருகே கண்டசாங்கடவு என்னும் ஊரில், 1903 ஜூலை 17-இல், ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். முதலில் பௌதிகம் படித்தார். பிறகு மலையாளமும் சம்ஸ்கிருதமும் படித்தார். திருச்சூர் செயின்ட் தாமஸ் கல்லூரியில் நெடுங்காலம் பேராசிரியராக இருந்தார். கேசரி பாலகிருஷ்ண பிள்ளை, எம்.பி.பால் ஆகியோரோடு சேர்த்து மலையாள விமர்சனத்தின் மூவர் என்று எண்ணப்படும் அளவுக்குப் பெயர் பெற்றார். 'புரொபசர்' என்றொரு நாவலும் எழுதினார். தனியார் கல்லூரியில் வேலை பார்க்கும் ஆசிரியனின் அவதிதான் அதன் கதை. நாவலில் எழுதியதை வாழ்க்கையிலும் அனுபவித்தார். 1952-இல் கல்லூரி வேலை பறிபோயிற்று.

அந்த நாளில் கேரளத்தின் பள்ளிக்கூடங்களில் மிகப் பெரும் பகுதி தனியார் கையில் இருந்தது. சர்க்கார் மானியம் கொடுக்கும், மானேஜர் வாங்குவார், ஆசிரியருக்கு மானேஜர் கொடுப்பார். இந்த மூன்றாவது கட்டத்தில்தான் வந்தது வினை! ஆசிரியர் கையெழுத்துப் போடுவது ஒரு தொகைக்கு, கையில் வாங்குவது வேறொரு தொகைக்கு என்பது ஊரறிந்த இரகசியம். வேலையில் சேரும்போதே மானேஜருக்குக் காணிக்கை வைக்க வேண்டும். முகம் கோணினால் மறுநாள் வேலை இல்லை. மில்லிலே வேலை செய்கிற தோழனுக்குச் சங்கம் உண்டு, லேபர் கோர்ட் உண்டு. பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு மரியாதை மட்டும் உண்டு. மரியாதையை உலையில் போட்டால் சோறாகுமா?

முதுமைக்காலத்தைச் சொல்லவே வேண்டாம். சர்க்கார் பள்ளி ஆசிரியருக்குப் பென்ஷன். அதே பாடத்தை, அதே பரீட்சைக்கு, அடுத்த தெருவில் இருக்கும் தனியார் பள்ளியில் சொல்லிக்கொடுத்தவருக்கு? அவருடைய முதுமை மானேஜரின் மனசாட்சியைப் பொறுத்தது. நம் சென்னை மாநிலத்தில் 1955-இல் சேமநிதி, இன்ஷூரன்ஸ், பென்ஷன் மூன்றும் சேர்ந்த முப்பயன் திட்டம் வந்தது என்பதையும், 1956 நவம்பர் 1 வரை மலபார் நம்மோடு இருந்தது என்பதையும் இங்கே நினைவில் வைப்பது நல்லது. ஆனால் அது சர்க்கார் உத்தரவாக வந்த திட்டம். உத்தரவு போட்ட கையே அதை மாற்றவும் கூடும்.

1957 ஏப்ரல் 5-இல் ஈ.எம்.எஸ். தலைமையில் மந்திரிசபை அமைந்தது. வேலை பறிபோன பேராசிரியர் கல்வி மந்திரியானார்! மூன்றே மாதத்தில், ஜூலையில், மசோதா சட்டசபைக்கு வந்தது. உதவி பெறும் பள்ளி ஆசிரியரின் சம்பளத்தைச் சர்க்காரே நேராகவோ ஹெட்மாஸ்டர் மூலமாகவோ கொடுக்கும். சம்பளம், பென்ஷன், சேமநிதி, இன்ஷூரன்ஸ், ஓய்வு வயது முதலியவற்றைச் சர்க்கார் நிர்ணயிக்கும். அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் எந்த ஆசிரியரையும் மானேஜர் நீக்க முடியாது. தனியார் பள்ளி ஆசிரியரின் முதுமை இவ்விதமாகச் சட்டப் புத்தகத்தில் ஏறியது.

இவற்றோடு வேறு இரண்டும் இருந்தன. பப்ளிக் சர்வீஸ் கமிஷன் தயாரிக்கும் பட்டியலிலிருந்துதான் ஆசிரியரை நியமிக்க வேண்டும் என்பது ஒன்று. தேவை ஏற்பட்டால் பள்ளியைச் சர்க்கார் எடுத்துக்கொள்ளலாம் என்பது மற்றொன்று. புயல் கிளம்பியது இவற்றால்தான். பென்ஷன் கூடாது என்று யாரும் ஊர்வலம் போகவில்லை. எல்லாவற்றையும் ஒரே மசோதாவில் கட்டியது தவறா என்று கேட்பவர்கள் உண்டு. நியமனம் மானேஜர் கையில் இருக்கும்வரை காணிக்கையும் இருக்கும் என்று முண்டசேரி கண்டதில் நாம் பிழை காணவில்லை. ஆனால் எதிர்ப்பின் வேகத்தை அவர் குறைவாக மதிப்பிட்டார் என்றே நமக்குப் படுகிறது.

1957 செப்டம்பர் 2-இல் சட்டசபை நிறைவேற்றியது. கவர்னர் அதை ஜனாதிபதிக்கு அனுப்பினார். ஜனாதிபதி ராஜேந்திர பிரசாத் சுப்ரீம் கோர்ட்டின் கருத்தைக் கேட்டார். 1958 மே 22-இல் கோர்ட் பதில் சொன்னது. பள்ளியை எடுத்துக்கொள்ளும் பிரிவுகள் சிறுபான்மையோர் பள்ளிகளுக்குப் பொருந்தினால் அவர்களுடைய உரிமை பறிபோகும் என்றது. ஆசிரியரின் சம்பளத்தையும் பாதுகாப்பையும் பற்றிய பிரிவுகள் தப்பின. மசோதா திருத்தப்பட்டு 1959 பிப்ரவரி 19-இல் ஜனாதிபதியின் ஒப்புதல் பெற்றது.

ஜூன் மாதத்தில் கிளர்ச்சி மூண்டது. பாதிரிமார்களும், மன்னத்து பத்மநாபனின் நாயர் சர்வீஸ் சொசைட்டியும் ஓரணியில் நின்றனர். அங்கமாலியில் போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. அந்தக் குற்றத்தை மூடி மறைப்பது நமக்கு அழகல்ல. ஜூலை 31-இல் மந்திரிசபை கலைக்கப்பட்டது. முண்டசேரியின் நாற்காலியும் போயிற்று.

1960-இல் வந்த கூட்டணி மந்திரிசபை நியமனப் பிரிவைத் திருத்தி, நியமிக்கும் உரிமையை மானேஜருக்கே திருப்பிக் கொடுத்தது. ஆனால் நேரடிச் சம்பளத்தையும் பென்ஷனையும் அதனால் தொட முடியவில்லை. ஏன்? மாதச் சம்பளம் சர்க்காரிடமிருந்து வருகிறது என்பதை ஆசிரியர் வீட்டு அடுப்பங்கரை அறிந்துவிட்டது. அதற்குப் பின் எந்தக் கட்சி அதைப் பிடுங்கும்? 2013 ஏப்ரல் 1 முதல் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களைப் பங்களிப்புப் பென்ஷனுக்கு மாற்றியபோதுகூட, பழையவர்களின் பென்ஷனில் கை வைக்கவில்லை.

அவருடைய சட்டம் பள்ளிக்கூடங்களுக்கு மட்டுமே உரியது. அவர் துரத்தப்பட்டதோ கல்லூரியிலிருந்து! தனியார் கல்லூரி ஆசிரியர்களுக்கு நேரடிச் சம்பளம் போராட்டத்தின் மூலம் 1972-இல்தான் கிடைத்தது. அப்போது முண்டசேரி கொச்சிப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக இருந்தார். 1977 அக்டோபர் 25-இல் காலமானார்.