வார்சா நகரத்து மொர்தெகாய்

யூத மக்கள் ஆண்டுதோறும் கொண்டாடும் பஸ்காப் பண்டிகை, அவர்தம் முன்னோர் எகிப்தின் அடிமைத்தனத்தினின்று நீங்கிய வரலாற்றை நினைவூட்டுவதாகும். அப்பண்டிகையில் நாம் ஊன்றி நோக்கத்தக்க செய்தி ஒன்று உளது. முதற் பஸ்கா உண்ணப்பட்டது செங்கடலைக் கடந்த பின்னரன்று. பார்வோனுடைய ஆட்சி நீங்காதிருந்த இரவிலேயே, பயணத்திற்கு ஆயத்தமான கோலத்தோடு அம்மக்கள் அதனை உண்டனர். விடுதலை கைவருமுன்னரே உரிமையுடையோராய் ஒழுகினர் என்க. இவ்வுண்மை விளங்க வாழ்ந்த இளைஞர் ஒருவரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

மொர்தெகாய் அனியெலேவிச் 1919-ஆம் ஆண்டு போலந்து தேசத்து விஷ்கூவ் என்னும் ஊரில் எளிய குடும்பத்திற் பிறந்தார். ஆமானை வணங்க மறுத்த எஸ்தர் காலத்து மொர்தெகாயின் பெயரே அவருக்கும் வாய்த்தது. வார்சா நகரில் எபிரேய உயர்நிலைப் பள்ளியொன்றிற் கல்வி கற்று, ஹஷோமேர் ஹட்சாயிர் என்னும் யூத இளைஞர் சங்கத்திற் சேர்ந்து, அதன் தலைவருள் ஒருவரானார்.

1939-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஹிட்லரின் சேனை போலந்தின்மீது பாய்ந்தது. அனியெலேவிச் தோழரோடு கிழக்கே சென்றார். ருமேனிய எல்லையைக் கடந்து பாலஸ்தீனத்திற்கு வழி காண முயன்று, சோவியத் காவலரிடம் அகப்பட்டுச் சிறையிருந்தார். விடுதலை பெற்றபின், யூத அகதிகள் பலர் தஞ்சம் புகுந்திருந்த வில்னா நகரை அடைந்தார். ஆண்டே தங்கியிருப்பின் குறை கூறுவார் யார்? ஆயினும், மேய்ப்பரின்றி விடப்பட்ட தம் மக்களை நினைந்து, சிலர் ஜெர்மானியர் கைப்பட்ட நாட்டிற்குத் திரும்புதல் வேண்டுமென வற்புறுத்தினார். தாமே முதல்வராய் முன்வந்தார். மீதியான் தேசத்தினின்று மோசே எகிப்துக்குத் திரும்பினாற்போல, 1940-ஆம் ஆண்டு ஜனவரி மாதம், மிரா ஃபுக்ரர் என்னும் தோழியோடு வார்சாவினுட் புகுந்தார்.

அவ்வாண்டு நவம்பரில் ஜெர்மானியர் நகரின் ஒரு பகுதியை மதிலால் அடைத்தனர். கெட்டோ எனப்பட்ட அவ்வடைப்பினுள் நான்கு இலட்சத்திற்கு மேற்பட்ட யூதர் நெருக்குண்டனர். பசியாலும் நோயாலும் பல்லாயிரவர் மாண்டனர். அந்நிலையிலும் அனியெலேவிச் இளைஞர்க்கு மறைவாகப் பாடங்கள் நடத்தினார். இரகசியப் பத்திரிகை வெளியிட்டார். ஆயுதம் ஏந்துமுன் அவர் ஏந்தியது எழுதுகோலே என்பதை மாணவராகிய நாம் மறத்தலாகாது.

1942-ஆம் ஆண்டு ஜூலை 22 முதல் செப்டம்பர் 21 வரை ஏறக்குறைய 2,65,000 பேர் புகைவண்டிகளில் ஏற்றப்பட்டு, ட்ரெப்ளிங்கா என்னும் கொலைக்களத்திற்கு அனுப்பப்பட்டனர். அக்காலத்து அனியெலேவிச் தென்மேற்குப் போலந்தில் இளைஞரைத் திரட்டிக் கொண்டிருந்தார். மீண்டு வந்தபோது, எஞ்சியோர் சற்றேறக்குறைய 60,000 பேரே எனக் கண்டார். உழைத்தாற் பிழைக்கலாம் என நம்பினார் பலர். எதிர்த்தால் அனைவரும் அழிவர் என அஞ்சினார் பலர். அவ்வச்சத்தை எளிதென இகழ்தல் நமக்குத் தகாது. மனைவி மக்களை உடையார்க்கு அஃது இயல்பே. எனினும், பணிந்தாரும் பிழைத்திலர் என்பதை அவர் தெளிவாக உணர்ந்தார். நவம்பரில் யூதப் போர்ப்படையின் தலைமையை ஏற்றார்.

1943 ஜனவரி 18-ஆம் நாள் ஜெர்மானியர் மீண்டும் ஆள்பிடிக்க வந்தனர். அனியெலேவிச்சின் தோழர் பிடிபட்டோர் வரிசையிற் கலந்து நடந்து, குறிகாட்டியவுடன் காவலர்மேற் பாய்ந்தனர். தோழருட் பெரும்பாலார் மடிந்தனர், தலைவர் தப்பினார். சின்னாளில் ஆள்பிடித்தல் நின்றது. அன்றுமுதல் மக்கள் நெஞ்சில் அச்சம் தளர்ந்தது. வீடுதோறும் நிலவறைகள் தோண்டினர்.

ஏப்ரல் 19, பஸ்காவிற்கு முந்திய நாள். அன்று விடியலில் பெரும்படை கெட்டோவினுட் புகுந்தது. சில நூறு இளைஞரும் மகளிரும், கைத்துப்பாக்கிகளும் தாமே செய்த வெடிகளும் கொண்டு அதனை எதிர்த்துப் பின்வாங்கச் செய்தனர். அன்றிரவு நிலவறைகளிற் சிலர் பஸ்கா ஆசரித்தனர். ஸ்ட்ரூப் என்னும் தளபதி வீடுகளை ஒவ்வொன்றாகத் தீக்கிரையாக்கினான். மே 8-ஆம் நாள் மிலா தெரு 18-ஆம் எண் நிலவறை சூழப்பட்டது, நச்சுப்புகை உட்செலுத்தப்பட்டது. அனியெலேவிச்சும் மிராவும் ஆண்டே மாண்டனர். அவருக்கு வயது இருபத்து நான்கினைத் தாண்டவில்லை. மே 16-ஆம் நாள் வார்சாவின் பெரிய ஜெப ஆலயத்தை வெடிவைத்துத் தகர்த்துத் தன் வெற்றியைக் காட்டினான் ஸ்ட்ரூப். அவனே 1952-ஆம் ஆண்டு அதே நகரில் தூக்கிலிடப்பட்டான்.

வார்சாவிற் கடல் பிளக்கவில்லை. பார்வோன் சேனை அமிழவில்லை. அங்ஙனமாயின் அவ்விளைஞர் பெற்ற விடுதலை யாது? கொடுங்கோலன் ஆட்சி, அவன் படையினும் குடிகளின் அச்சத்தையே பெரிதும் சார்ந்து நிற்பது. அவ்வச்சம் நீங்கிய நெஞ்சில் அவன் கோல் செல்லாது. அனியெலேவிச் தம் மக்களைக் கரைசேர்த்திலர். ஆயினும் எகிப்தினுள்ளேயே அவர்க்கு இடைக்கச்சை கட்டுவித்தார். இஸ்ரவேல் நாட்டில் யாத் மொர்தெகாய் என்னும் ஊர் இன்றும் அவர் பெயர் தாங்கி நிற்கிறது. ஏறக்குறைய நம் வயதினரே அவரும் அவர் தோழரும். பாதுகாப்பான வில்னாவை விட்டு இன்னலுற்ற உடன்பிறந்தாரிடம் திரும்பிய அந்நடை, கற்றோர் யாவரும் தம் நெஞ்சில் வைத்துப் போற்றத்தக்கது.